ரூத்தக்காவின் கயிற்றில் ரெண்டு முடிச்சு

என் ரூத்தக்காவுக்கு, ஸ்தோத்திரம்.

"ஸ்தோத்திரம் கெடக்கட்டும்டா, சோறு துன்னியா, அதச் சொல்லு" என்பாய். துன்னேன் அக்கா. காலையில் நாலு இட்லி, மத்தியானம் களி. முட்டி வலி அப்படியேதான் இருக்கிறது. கண்ணுக்குச் சொட்டு மருந்து கொடுத்திருக்கிறார்கள், விடுவதற்குத்தான் ஆள் இல்லை.

சபையில் இந்த வருஷம் ஒரு மலர் போடுகிறார்களாம். கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டில் பாடின ரூத்தம்மாளைப் பற்றி எழுதிக் கொடுங்கள் என்று வீடு தேடி வந்து கேட்டார்கள். எந்தச் சபை என்கிறாயா? உன்னை உள்ளே பாட விடாத அதே சபைதான். எனக்கு முதலில் சிரிப்பு வந்தது, அப்புறம் கோபம் வந்தது, அப்புறம் பேனாவைத் தேடினேன். உன்னைப் பற்றி எழுத உட்கார்ந்தால் ரெண்டாவது வரியிலேயே பொய் வந்துவிடுகிறது. அதனால் உனக்கே எழுதுகிறேன். அச்சில் போட்டால் போடட்டும், கிழித்தால் கிழிக்கட்டும். படிக்கிறவர்களுக்கு உன்னைத் தெரியாது, ஆகையால் உனக்குத் தெரிந்ததையே உன்னிடம் கொஞ்சம் சொல்ல வேண்டியிருக்கிறது. பொறுத்துக்கொள்.

நம் அம்மா ஒப்பாரி வைக்கப் போனவள். நைனார்பாளையத்துப் பக்கம் பெரிய வீடுகளில் சாவு விழுந்தால் அம்மாவுக்கு ஆள் வரும். வாசலோடு உட்கார்ந்து, யாரோ ஒருத்தருக்காகத் தொண்டை கிழியப் பாடிவிட்டு வருவாள். அந்த மெட்டு உன் தொண்டையில் வந்து உட்கார்ந்துகொண்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை கோயிலில் நீ எழுந்து அந்த மெட்டில் ஏசுவைப் பாடினாய். பின் வரிசைப் பெண்கள் அத்தனை பேரும் முக்காட்டை இழுத்துக்கொண்டு அழுதார்கள். ஆராதனை முடிந்ததும் அப்போதிருந்த பாதிரி ஐயர் உன்னைக் கூப்பிட்டார்.

"என்னம்மா இது, சாவு மெட்டு? கர்த்தருக்குப் பாடுகிற பாட்டா இது?"

"எனக்குத் தெரிஞ்ச மெட்டு இதாங்க ஐயரே. வேற மெட்டு வேணும்னா அவரையே வந்து கத்துக் குடுக்கச் சொல்லுங்க."

அதோடு கோயிலுக்குள் உன் வாய்க்குப் பூட்டு. நீ கவலைப்பட்ட மாதிரியே தெரியவில்லை.

அடுத்த வருஷம் தேவராஜ் மாமா பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போனார். உங்களுக்குக் கல்யாணமாகி மூன்று வருஷம்கூட ஆகவில்லை. கொஞ்ச மாசம் கடிதம் வந்தது, அப்புறம் நின்றுவிட்டது. நீ பகலெல்லாம் கரும்பு வெட்டிவிட்டு, உடம்பெல்லாம் சுணை அரிக்க அரிக்க, சாயங்காலம் நேராக பஸ் ஸ்டாண்டுக்குப் போய் நிற்பாய். சேலம் பஸ் வந்து நிற்கிற பக்கம். பெங்களூர் போனவன் அந்த வழியாகத்தான் வருவான் என்று யாரோ உனக்குச் சொல்லியிருந்தார்கள். நின்ற இடத்தில் உனக்குள்ளேயே முனக ஆரம்பித்தாய்.

போனவரு பேரச் சொன்னேன் ஏசையா – அவரு
பொழுதுக்குள்ள வூடு வரணும் ஏசையா.

இவ்வளவுதான் பாட்டு. 'போனவரு' என்கிற இடத்தில் மாமா பேர். இந்த ரெண்டு வரியையே நீ முப்பது விதமாக இழுப்பாய். பக்கத்தில் நின்றிருந்த மணலூர்பேட்டைக்காரி ஒருத்தி உன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"எம் புள்ள பேரையும் சேத்துப் பாடேம்மா. பம்பாய்க்குப் போனான், ஒரு தகவலும் இல்ல."

நீ பேர் கேட்டாய், பாடினாய். அடுத்த வாரம் அந்தப் பையன் பஸ்ஸை விட்டு இறங்கினான்! பாட்டால் வந்தானா, பம்பாயில் வேலை போய் வந்தானா, ஆண்டவருக்குத்தான் வெளிச்சம். ஆனால் அந்த வாரத்திலிருந்து உன்னைச் சுற்றிக் கூட்டம்.

நான் அப்போது மார்க்கெட் கமிட்டியில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தேன். எனக்குப் பொண்டாட்டி, பிள்ளை எல்லாம் இருந்தது. உன்னை வீட்டுக்கு அழைத்துப் போக வந்தவன்தான். "நீ பாட்டுக்கு இழுத்துக்கினே போறியே, எங்கியாவது நிறுத்து" என்று சொல்வதற்காகப் பக்கத்தில் கிடந்த பிஸ்கட் டின்னைத் தட்டினேன். நீ நிறுத்தவில்லை, என் தட்டுக்கு ஏற்றாற்போல் தோளைக் குலுக்கிக்கொண்டு பாட ஆரம்பித்தாய். அன்றைக்கு மாட்டிக்கொண்டேன்.

டின்னைக் கழுத்தில் மாட்ட நூல் கயிறு கட்டினோம். பேர் மறக்காமல் இருக்க நீ அந்தக் கயிற்றில் முடிச்சுப் போட்டாய். பேருக்கு ஒரு முடிச்சு. முதல் முடிச்சு மாமாவுக்கு. திரும்பி வந்தவன் தன் கையாலேயே அவிழ்க்க வேண்டும், அது நீ வைத்த சட்டம். ரிஷிவந்தியத்து ஆள் ஒருத்தன் பதினோரு வருஷம் கழித்து வந்து, விரலால் முடியாமல் பல்லால் கடித்து அவிழ்த்தானே! பஸ் ஸ்டாண்டே கை தட்டியது. கண்டக்டர்கூட விசில் அடித்தார்.

செத்துவிட்டான் என்று தகவல் வந்தால் நீ அந்த வீட்டுக்கே போய்விடுவாய். பெத்தவள் கையில் கயிற்றைக் கொடுத்து அவிழ்க்கச் சொல்வாய். அப்புறம் அவள் தோளைக் கட்டிக்கொண்டு, அம்மா பாடின ஒப்பாரியை அப்படியே பாடுவாய். ஒருமுறை திரும்பி வரும்போது என்னிடம் சொன்னாய்.

"செத்தவன் பேர வரச் சொல்லிப் பாடக் கூடாதுடா தாவீது. அவனுக்கும் தொல்ல, பெத்தவளுக்கும் பொய்யி."

சொன்னது நீ. இதைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள், பின்னால் வேண்டும்.

நீ போய் நாலு வருஷம் ஆகிறது. உன் பாட்டு இப்போது பெரிய பாட்டு அக்கா. நற்செய்திக் கூட்டத்தில் கீபோர்டு, டிரம் எல்லாம் வைத்து, கையைத் தூக்கிக் குதித்துக்கொண்டு பாடுகிறார்கள். பேர் வரவேண்டிய இடத்தில் 'பாவிகள்' என்று போட்டிருக்கிறார்கள். எந்தப் பாவி, எந்த ஊர்ப் பாவி, ஒன்றும் கிடையாது. நான் பின்னால் ஒரு நாற்காலியில் உட்கார்ந்து கேட்டேன். கை தானாகத் தொடையில் தட்டப் போனது, நிறுத்திக்கொண்டேன்.

டின் என்னிடம் இருக்கிறது. கயிற்றில் ரெண்டு முடிச்சுதான் பாக்கி. ஒன்று மாமா, இன்னொன்று சின்னையன்.

சடையம்மாவை நீ மறந்திருக்க மாட்டாய். வெள்ளிமலைக்கு மேலே இருக்கிற ஊர். சந்தை அன்றைக்குக் கடுக்காயும் புளியும் கட்டிக்கொண்டு முதல் பஸ்ஸில் இறங்குவாளே, அவள்தான். ஒரே மகன் சின்னையன். ஆந்திரா பக்கம் மலையில் செம்மரம் வெட்டும் வேலை என்று யாரோ கூப்பிடப் போனான். கல்யாணமாகி ஆறு மாசம். அவன் முடிச்சுதான் நீ கடைசியாகப் போட்ட முடிச்சு. உன்னை மண்ணில் வைத்த அன்றைக்கு சடையம்மா வந்திருந்தாள். எல்லாரும் போன பிறகு என் முன்னால் வந்து நின்றாள்.

"இனிமே நீ பாடு தம்பி. டின்னு உங்கிட்டதான இருக்குது?"

என் குரல் உனக்குத் தெரியும். மூட்டை இறக்குகிறவன் குரல். ஆனாலும் பாடினேன். ஒவ்வொரு சந்தைக்கும் பாடினேன். அவள் கடுக்காய் மூட்டையை இறக்கி வைத்துவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு மகன் பேரைக் கேட்பாள். கேட்டு முடித்ததும் முகத்தைத் துடைத்துக்கொண்டு வியாபாரத்துக்குப் போவாள்.

போன ஆடியில் ஒரு ஆள் என்னைத் தேடி வந்தான். சின்னையனோடு போனவன். பேர் வேண்டாம், அவனுக்கும் பிள்ளை குட்டி இருக்கிறது. அக்கம்பக்கம் பார்த்துவிட்டு என் பக்கத்தில் குந்தினான்.

"பெரியவரே, நீங்க அவன் பேரப் பாடறப்பலாம் நான் இந்தப் பக்கமே வராம சுத்திப் போறன். அவன் இல்லீங்க. போன முதல் மாசமே ஓடையில பாற வழுக்கி மண்டையில அடிபட்டுப் போயிட்டான். நாங்கதான் அங்கியே குழி தோண்டி மூடிட்டு, பயந்துகினு ஓடியாந்துட்டோம். அவங்கம்மாகிட்ட சொல்லுங்க. நான் சொன்னன்னு மட்டும் சொல்லாதீங்க."

சொல்லிவிட்டுப் போய்விட்டான். பாரத்தை இறக்கி வைத்துவிட்டு அவன் நிம்மதியாக பஸ் ஏறினான், நான் அதைத் தூக்கிக்கொண்டு நிற்கிறேன்.

அடுத்த சந்தைக்கு சடையம்மா வந்தாள். எனக்காகப் பலாச்சுளை கொண்டுவந்திருந்தாள், இலையில் சுற்றி. நான் வாயைத் திறந்தேன் அக்கா, சத்தியமாகச் சொல்லத்தான் திறந்தேன். பாட்டுதான் வந்தது. சின்னையன் பேரச் சொன்னேன் ஏசையா, அவன் பொழுதுக்குள்ள வூடு வரணும் ஏசையா. அவள் கண்ணை மூடிக்கொண்டாள். ஆடியிலிருந்து இன்றுவரை அப்படித்தான் நடந்துகொண்டிருக்கிறது.

இது சடையம்மாவோடு போனால் பரவாயில்லை என்று என்னை நானே ஏமாற்றிக்கொண்டிருந்தேன். கார்த்திகையில் அவள் மருமகள் மல்லிகா தனியாக வந்தாள். இருபத்தைந்து வயசுகூட இருக்காது. டின்னுக்கு முன்னால் வந்து உட்கார்ந்தாள்.

"பெரியவரே, நீங்க பாடறதால எங்க அத்த நம்பறாங்க. அத்த நம்பறதால ஊரு நம்புது. எங்க மலையில இல்லாதவன் பொண்டாட்டிக்கு வேற தாலி கட்டி வெப்பாங்க. இருக்கறவன் பொண்டாட்டிக்கு வெக்க மாட்டாங்க. நான் இதுல யாருங்க?"

நான் டின்னைத் துடைக்கிற மாதிரி துடைத்துக்கொண்டிருந்தேன்.

"கட்டிக்கறன்னு ஒருத்தரு கேக்கறாரு. நல்லவரு. தை வரைக்கும் பாப்பாராம், அப்புறம் அவங்க வூட்ல வேற எடம் முடிச்சிடுவாங்களாம். எங்க வூட்டுக்காரரு வருவாருன்னா நான் இருக்கறேன், நான் ஒண்ணும் ஓடிப்போறவ இல்ல. வரமாட்டாருன்னா சொல்லிடுங்க. உங்க பாட்டுதாங்க என்னைக் கட்டிப் போட்டிருக்குது."

"எனக்கு இன்னாம்மா தெரியும், நான் டின்னு தட்டறவன்" என்றேன். த்தூ! அந்த வார்த்தையைச் சொன்ன வாயை என்ன செய்தால் தகும்?

அவளிடம் ஏன் சொல்லவில்லை? என்னைக் கேட்டால் எனக்கே தெரியவில்லை. ஆனால் இது எனக்கு முதல் தடவை இல்லை அக்கா. அதைச் சொல்லத்தான் இவ்வளவு சுற்றினேன். உட்கார்ந்திருக்கிறாயா?

நான் தேவராஜ் மாமாவைப் பார்த்தேன்.

நீ பாட ஆரம்பித்து ஒரு வருஷம் இருக்கும். சின்னசேலத்திலிருந்து மரவள்ளிக் கிழங்கு லோடு சேலத்துக்குப் போனது, ஜவ்வரிசி ஆலைக்கு. இறக்குவதற்கு நானும் போனேன். ஆலை வாசலில் டீக்கடை. அங்கே மாமா, தோளில் ஒரு பெண் குழந்தையை உட்கார வைத்துக்கொண்டு நின்றார். என்னைப் பார்த்ததும் முகம் செத்துப்போனது. குழந்தையை இறக்கிவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"தாவீது, உங்கக்காகிட்ட சொல்லாதடா. நான் வர மாட்டன். வர முடியாது. இங்க குடும்பமாயிடுச்சி. செத்துட்டான்னு நெனச்சிக்கட்டும். உன் கால்ல உழறன்."

நிஜமாகவே குனிந்தார். நான் அவரை அடித்திருக்க வேண்டும். அந்தக் குழந்தை தன் பன்னில் பாதியைப் பிய்த்து என் கையில் கொடுத்தது. அதையும் வாங்கித் தின்றுவிட்டு லாரி ஏறினேன்.

வழியெல்லாம் எப்படிச் சொல்வது என்று சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தேன். சாயங்காலம் பஸ் ஸ்டாண்டில் இறங்கினால் நீ பாடிக்கொண்டிருக்கிறாய். சுற்றி ஐம்பது பேர். ஒரு கிழவர் துண்டில் முகத்தை மூடிக்கொண்டு குலுங்குகிறார். நீ மாமா பேரை இழுத்த இழுப்பில் எனக்கு மயிர் கூச்செறிந்தது. நாளைக்குச் சொல்லலாம் என்று டின்னை எடுத்தேன். அந்த நாளைக்கு முப்பது வருஷமாக வரவே இல்லை.

உன் மனசு உடையக் கூடாது என்றுதான் சொல்லவில்லை என்று இத்தனை காலம் என்னிடமே சொல்லிக்கொண்டேன். பாதிதான் நிஜம். மீதியையும் சொல்லிவிடுகிறேன். சொன்னால் பாட்டு நின்றுவிடும் என்று பயந்தேன். நீ எதிர்பார்த்ததால்தான் அந்தப் பாட்டு அப்படி இருந்தது. அந்தப் பாட்டுக்கு முன்னால் நான் வெறும் மூட்டைக்காரன். டின்னோடு நின்றால் ஊர் என்னை "பாட்டுக்காரரே" என்று கூப்பிட்டது. அதற்காக உன் முப்பது வருஷத்தை நான் தின்றுவிட்டேன். உன்னைக் கட்டிக்கொள்ளக் கேட்டு வந்த ஓவர்சியரைக்கூட நீ "எம் புருசன் வந்துடுவாருங்க" என்று திருப்பி அனுப்பினாயே, அப்போதும் நான் பக்கத்தில் டின்னோடு நின்றிருந்தேன்.

மல்லிகா வந்து கேட்டபோது அவள் முகம் உன் முகமாக இருந்தது அக்கா. அப்படியும் எனக்கு வாய் வரவில்லை. இதற்கு மேல் ஒரு மனுஷன் எப்படித்தான் கேவலமாக இருப்பான்?

போன வாரம் ஒரு வழியாக டின்னும் கயிறுமாக மலைக்குப் போனேன். கச்சிராயபாளையம் தாண்டி பஸ் வளைந்து வளைந்து ஏற, சொல்லப்போகிறதை ஒவ்வொரு வளைவிலும் ஒப்பித்துக்கொண்டேன். சடையம்மா என்னைப் பார்த்ததும் ஓடி வந்தாள். "பாட்டுக்காரரு எங்க வூடு தேடி வந்துட்டாருடி!" என்று தெருவையே கூட்டிவிட்டாள். கட்டில் போட்டார்கள். சாமைச் சோறு ஆக்கினார்கள். அக்கம்பக்கம் எல்லாம் வந்து உட்கார்ந்துவிட்டது. "எம் மவன் பேர எங்க மண்ணுல ஒருக்கா பாடிடு தம்பி, அவன் காதுல நல்லா உழும்" என்றாள்.

பாடினேன். வேறு என்ன செய்வேன்? மல்லிகா கதவோரம் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அழவில்லை. பார்த்துக்கொண்டிருந்தாள், அவ்வளவுதான்.

பஸ்ஸுக்கு நான் இறங்கி நடக்கும்போது பின்னாலேயே வந்தாள்.

"அவரு இல்லன்னு உங்களுக்குத் தெரியும், இல்லீங்களா?"

நான் பஸ் வருகிற வளைவைப் பார்த்தேன்.

"பாடறப்ப அத்த மூஞ்சியப் பாக்காம டின்னயே பாத்துகினு இருந்தீங்க. அதான் கேட்டன்."

பஸ் வந்தது. நான் ஏறிவிட்டேன் அக்கா. ஏறி, ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டேன். அவள் கையைக்கூட ஆட்டவில்லை.

கள்ளக்குறிச்சியில் இறங்கியதும் வீட்டுக்குப் போகவில்லை. கண்ட இடத்தில் உட்கார்ந்தேன். நிமிர்ந்து பார்த்தால் சேலம் பஸ் நிற்கிற பக்கம். அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஆரம்பத்தில் நீ நின்றது இங்கேதான். அப்புறம் திருவண்ணாமலை பஸ் நிற்கிற பக்கம் பாடினாய், விழுப்புரம் பஸ் பக்கம் பாடினாய், வெள்ளிமலை பஸ் பக்கம் பாடினாய். சேலம் பஸ் பக்கம் மட்டும் திரும்பவே இல்லை. நான் கேட்டதற்கு, "அங்க வெயிலு ஜாஸ்திடா" என்றாய். அக்கா, அந்தப் பக்கம்தானே கூரை இருந்தது?

எப்போதிலிருந்து இடம் மாறினாய்? நான் சேலம் போய் வந்ததற்கு முன்னாலா, பின்னாலா? எவ்வளவு யோசித்தும் எனக்குப் பிடிபடவில்லை. உனக்குத் தெரியுமா? யாராவது சொன்னார்களா? இல்லை, மல்லிகா மாதிரி நீயும், நான் டின்னையே பார்த்துத் தட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்தாயா? பார்த்துவிட்டும் என்னைக் கேட்காமல் இருந்தாயா? கேட்டிருந்தால் சொல்லியிருப்பேனே, ஒரே ஒரு தடவை கேட்டிருக்கக் கூடாதா? சரி, இதிலும் பழியை உன் தலையில் போடுகிறேன் பார்.

மாமா முடிச்சை ரெண்டு நாளாக நகத்தால் கீறிப் பார்க்கிறேன். வேர்வையும் மழையும் பட்டுக் கல்லாக இறுகிப்போயிருக்கிறது. வந்தவன் அவிழ்க்க வேண்டும், செத்தவனுக்குப் பெத்தவள் அவிழ்க்க வேண்டும் என்றாய். வராமல் இருக்கிறவனுக்கு யார் அவிழ்ப்பது என்று நீ சொல்லவே இல்லை. நான் அவிழ்க்கக் கூடாது என்று நினைக்கிறேன். அது அப்படியே இருக்கட்டும். மாமா எங்கேயாவது உயிரோடு இருந்து இந்த மலரைப் படித்தால் படிக்கட்டும்.

நாளைக்குச் சந்தை. தை பிறக்க இன்னும் பதினைந்து நாள் இருக்கிறது. சடையம்மாவோடு மல்லிகாவையும் வரச் சொல்லி, வெள்ளிமலை பஸ் கண்டக்டரிடம் சொல்லி அனுப்பியிருக்கிறேன். டின் கழுத்தில் இருந்தால் நான் மறுபடியும் பாடிவிடுவேன், என்னைப் பற்றி எனக்குத் தெரியும். அதனால் கயிற்றை டின்னிலிருந்து கழற்றிவிட்டேன். டின் உன் படத்துக்குக் கீழே வீட்டிலேயே இருக்கும். கயிறு மட்டும் என் கையில் இருக்கும். அதைச் சடையம்மா கையில் கொடுத்தால் அவளுக்கே தெரிந்துவிடும். அவள் என்னை அடித்தால் வாங்கிக்கொள்கிறேன். அழுதால் பக்கத்தில் உட்கார்ந்து, அம்மா பாடினதில் எனக்கு ஞாபகம் இருக்கிற மட்டும் பாடுகிறேன், டின் இல்லாமல்.

இது சத்தியம் அக்கா. என் சத்தியத்துக்கு என்ன மதிப்பு என்று நீ கேட்பாய், கேள்.

உன்கிட்ட சொல்லாத உன் தம்பி,
தாவீது